டாஸ்மாக் கடைக்கும் பள்ளிக்கும் இடையே தூரம்: எதிலிருந்து எதுவரை அளப்பது?

கேள்வி: பேரூராட்சியில் பள்ளிக்கும் டாஸ்மாக் கடைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்? கூகுள் மேப்பில் நேர்கோட்டில் 85 மீட்டர் காட்டுகிறது. கடையை மாற்றச் சொல்லி மனு போட இது போதுமா?

பதில் 1: 2003 சில்லறை விற்பனை விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100. பேரூராட்சிக்கு 100தான். ஆனால் நேர்கோடு செல்லாது. கடை வாசலின் நடுவிலிருந்து, ஆட்கள் வழக்கமாக நடக்கும் மிகக் கிட்டத்து வழியாக, பள்ளி கேட்டின் நடுவரை அளக்க வேண்டும். மதில் இல்லையென்றால் கட்டட வாசல்வரை. தெரு வளைந்தால் உங்கள் 85 மீட்டர் 110 ஆகிவிடும், மனு அங்கேயே விழுந்துவிடும். பின்பக்க கேட் இருக்கிறதா பாருங்கள். பிள்ளைகள் தினமும் அது வழியாக வந்தால் அதை விடவே கூடாது. டேப் பிடித்து அளந்து, படமெடுத்து இணையுங்கள்.

பதில் 2: அளவு சரியாக வந்தாலும் இரண்டு விலக்குகள் உண்டு. நகரமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று குறித்த இடத்துக்கு இந்தத் தூரம் பொருந்தாது. கடைக்குப் பிறகு வந்த பள்ளியும் கணக்கில் வராது. அதனால் பள்ளி அங்கீகார ஆணையின் நகல் அவசியம்.

பதில் 3: மனுவை ஆட்சியருக்கு எழுதி, டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கு நகல் அனுப்புங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் ரசீது எண் கிடைக்கும். நீதிமன்றம் போக நேர்ந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். 21 வயது நிரம்பாதவருக்கு விற்றால் அது வேறு குற்றம், தனி மனுவாகவே கொடுங்கள்.