கோ லாங் நிரல்மொழியில் மூன்று புள்ளி வைத்து ஸ்லைஸ் அனுப்பினால் காப்பி ஆகுமா?

நிரல்வேங்கை: பக்கத்து இழையில் ஒருவர், "ஸ்லைஸுக்குப் பின்னால் மூன்று புள்ளி வைத்து க்ளோஷருக்கு அனுப்பினால் காப்பிதான் போகும், உள்ளே என்ன செய்தாலும் வெளியே தெரியாது" என்று அடித்துவிட்டிருக்கிறார். (ஸ்லைஸ் என்பது அர்ரேயின், அதாவது நீளம் மாறாத மதிப்பு வரிசையின், ஒரு பகுதியைக் காட்டும் ஜன்னல். க்ளோஷர் என்பது வெளியே உள்ள வேரியபிளைப் பிடித்துக்கொள்ளும் ஃபங்ஷன்.) தப்பு. எத்தனை மதிப்பு வேண்டுமானாலும் ஏற்கும் க்ளோஷருக்கு 1, 2, 3 என்று தனித்தனியாகக் கொடுத்தால்தான் புது அர்ரே உருவாகும். மூன்று புள்ளி வைத்தால் அதே ஸ்லைஸ்தான் உள்ளே போகும். உள்ளே முதல் உறுப்பை 7 ஆக்கினால் வெளியேயும் 7.

மௌனபைட்: சொன்னது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். கோ லாங்கில் எல்லாமே மதிப்பாகத்தான் போகும். காப்பி ஆகும்.

நிரல்வேங்கை: காப்பி ஆவது ஹெடர் மட்டும். பாயின்டர் (உறுப்புகள் இருக்கும் இடத்தின் முகவரி), நீளம், கெப்பாசிட்டி (எத்தனை உறுப்பு வரை இடம் உண்டு என்பது). 64 பிட்டில் மொத்தம் 24 பைட். உறுப்புகள் இருக்கும் இடம் ஒன்றேதான்.

மௌனபைட்: ஆக, காப்பி ஆகிறது. அதைத்தானே சொன்னேன்?

அரைப்புள்ளி: அர்ரே என்றால் கதையே வேறு. ஆர்கியூமென்டாகக் கொடுத்தால் முழுசாகக் காப்பி ஆகும். க்ளோஷர் அதை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டால் வேரியபிளையே பிடிக்கும், காப்பி கிடையாது.

மௌனபைட்: அர்ரேயைப் பற்றி இங்கே யார் கேட்டது?

நிரல்வேங்கை: 24 பைட்டைக் காட்டித் தப்பிக்காதீர்கள். நீளம் 3, கெப்பாசிட்டி 5 உள்ள ஸ்லைஸை அனுப்புங்கள். க்ளோஷர் 99-ஐ அப்பெண்ட் செய்து (கடைசியில் சேர்த்து) தன்னிடம் வைத்துக்கொள்கிறது. வெளியே நீளம் இன்னும் 3தான். இப்போது வெளியே 50-ஐ அப்பெண்ட் செய்தால் அதே நாலாவது இடத்தில் விழும். க்ளோஷர் வைத்திருந்த 99 போய் 50 நிற்கும். பேனிக் வராது (நிரல் நடுவில் நிற்காது), எர்ரர் வராது. காப்பி என்றால் இது எப்படி நடக்கும்?

மௌனபைட்: கெப்பாசிட்டியை 3 என்று வெட்டி அனுப்பத் தெரியாதவர் பிரச்சினை அது.

நிரல்வேங்கை: வெட்டினால் அப்பெண்ட் மட்டும்தான் புது இடத்துக்குப் போகும். முதல் உறுப்பை மாற்றினால் அப்போதும் வெளியே மாறும். கோ 1.21-இலிருந்து ஸ்லைஸஸ் பேக்கேஜில் உறுப்புகளையும் காப்பி எடுக்கும் க்ளோன் இருக்கிறது, அதுதான் வழி.

புதுவரவு: ஃபார் லூப்பில் க்ளோஷர் எல்லாம் கடைசி மதிப்பையே காட்டுமே, அதுவும் இதுதானா?

நிரல்வேங்கை: இல்லை. அது வேரியபிளைப் பிடிக்கிற விவகாரம். 2024 பிப்ரவரியில் வந்த 1.22-இல் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வேரியபிள் ஆக்கிவிட்டார்கள். மாட்யூல் கோப்பில் (go.mod) 1.22 அல்லது அதற்கு மேல் போட்டிருக்க வேண்டும், கம்பைலரை மட்டும் ஏற்றினால் போதாது.

மௌனபைட்: கேட்காத பாடம் நடத்துவதே இவர் வழக்கம். மேப் (சாவி-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) பற்றிய இழையிலும் இதே கூத்துதான்.

நிரல்வேங்கை: அந்த இழையிலும் நீங்கள் "காப்பி" என்றுதான் சொன்னீர்கள். அங்கேயும் தப்பு.

மௌனபைட்: ஹெடர் காப்பி ஆகுமா ஆகாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

நிரல்வேங்கை: முதல் உறுப்பு 7 ஆகுமா ஆகாதா? அதை முதலில் சொல்லுங்கள்.