யூரெட்டர் கல்: மாத்திரையா, ஷாக் வேவா, லேசரா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

எனக்கு இரண்டு தடவை யூரெட்டரில், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயில், கல் வந்தது, இரண்டும் வேறு வேறு வழியில் தீர்ந்தன. முதல் கல் 4 மி.மீ., சிறுநீர்ப்பைக்குப் பக்கத்திலேயே இறங்கி நின்றது. டாக்டர் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு, கல் இறங்க வசதியாகக் குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை எழுதிக் கொடுத்து, சிறுநீரை டீ வடிகட்டியில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒன்பதாம் நாள் காலை வடிகட்டியில் சின்ன மிளகளவு கிடந்தது, பழுப்பு நிறம், மேலெல்லாம் முள். இத்தனூண்டு கல்லா ராத்திரி 2 மணிக்கு என்னைத் தரையில் உருள வைத்தது என்று நம்பவே முடியவில்லை.

இரண்டாவது 8 மி.மீ., குழாயின் மேல்பகுதியில். போன தடவை மாத்திரையில் போயிற்றே என்று அதையே வாங்கிப் போட்டு ஐந்து வாரம் ஓட்டினேன். நடுவில் வலி நின்றுவிட்டது, கல் போய்விட்டது என்று இருந்துவிட்டேன். சிடி எடுத்தால் கல் அதே இடத்தில், சிறுநீரகம் வீங்கிப்போய் இருக்கிறது! வலி நின்றாலும் ஸ்கேன் பார்க்காமல் விடாதீர்கள்.

உடம்புக்கு வெளியிலிருந்தே அதிர்வலை அனுப்பிக் கல்லை உடைக்கிற ஷாக் வேவ் கேட்டேன். சிடியில் கல்லின் அடர்த்தி 1200க்கு மேல், அவ்வளவு கெட்டியான கல் அதில் சரியாக உடையாது என்று லேசருக்கே போனோம். கத்தி வைக்கவில்லை, சிறுநீர் வரும் வழியாகவே குழாய் விட்டு உடைத்தார்கள். அதெல்லாம் சுலபம். அப்புறம் சிறுநீர் தடையில்லாமல் வடிய யூரெட்டருக்குள் வைத்த மெல்லிய குழாய், டிஜே ஸ்டென்ட், அதுதான் பாடாய்ப் படுத்தியது. சிறுநீர் போகும்போதெல்லாம் விலாவரை சுண்டி இழுக்கும், லேசாக ரத்தம் வரும், போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடம் மறுபடி முட்டும். இரண்டு வாரம்.

---

எனக்கும் மேல்பகுதிதான், 7 மி.மீ. ஆனால் அடர்த்தி 600 சொச்சம், அதனால் ஷாக் வேவ். ஒரே தடவையில் முடியவில்லை, இரண்டு சிட்டிங். முதுகில் சிவந்து கன்றிப்போனது, மூன்று வாரம் மணல் மணலாக வந்தது, நடுவில் ஒருநாள் நல்ல வலி. ஸ்டென்ட் வைக்கவில்லை, மறுநாளே வேலைக்குப் போனேன். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

என் மனைவிக்கு நடந்ததைச் சொல்கிறேன், தயவுசெய்து படியுங்கள். 6 மி.மீ. கல், வலியோடு குளிர்காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பிபி இறங்கி, பேச்சு குழறியது. பெரிய ஆஸ்பத்திரியில் கல்லைத் தொடவே இல்லை, அடைபட்ட சிறுநீர் வடிய ஸ்டென்ட் மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். காய்ச்சல் முழுதாக அடங்கி இரண்டு வாரம் கழித்துத்தான் லேசர். கல் இருக்கிறவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த ராத்திரியே கிளம்புங்கள்.

---

வாழைத்தண்டு சாறு குடித்தால் கல் கரையுமா என்று கேட்டவருக்கு: நானும் குடித்தேன், நீர்ச்சத்து உள்ளே போகிறது, அவ்வளவுதான். என் கல்லைச் சோதித்ததில் கால்சியம் ஆக்ஸலேட், பெரும்பாலானவர்களுக்கு அதுதான், அது கரையாது. மருந்தில் கரைகிறது யூரிக் அமிலக் கல். அதனால் வெளியே வந்த கல்லை வீசிவிடாமல் ஒரு டப்பாவில் போட்டு லேபுக்குக் கொடுங்கள்.

இன்னொன்று, ஸ்டென்ட் வைத்தவர்கள் எடுக்க வேண்டிய தேதியை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். வலி பழகிப்போய் மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அதன்மேலேயே கல் படிந்துவிடும். என் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தது என் அம்மா.