உமியில் வராத தும்மல் கினிப்பன்றியில் வருகிறது, என்ன செய்வது?

உமிக்காரன், விசுவமடு

இதைக் கேட்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. 2011இலிருந்து நெல் ஆலையில் நிற்பவன் நான். காலபோக வெட்டு முடிந்து மாசி, பங்குனியில் ஆலைக்குள் வந்து பாருங்கள். எதிரில் நிற்பவன் முகம் தெரியாத அளவு தூசு. அதற்குள் ஒரு நாளாவது தும்மியிருப்பேனா என்றால், இல்லை. இப்போது ஒரு கிலோவும் தேறாத பிராணி ஒன்று என்னை மூக்கும் கண்ணுமாக ஓட வைக்கிறது.

மகள் புலமைப்பரிசிலில் சித்தியடைந்தால் கேட்டதை வாங்கித் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். சித்தியடைந்துவிட்டாள். சைக்கிள் கேட்பாள் என்று நினைத்தேன், கினிப்பன்றி கேட்டாள். வவுனியாவில் ஒரு கடையில் இரண்டு வாங்கினோம். இரண்டும் பெட்டை என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். மண்ணிறத்துக்குக் கடலை என்றும், கறுப்பு வெள்ளைக்கு உளுந்து என்றும் பெயர் வைத்தாள். இரண்டரை மாதத்தில் உளுந்து மூன்று குட்டி போட்டது. கடலை பெட்டை இல்லை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடு. உட்சுவரைக் கூரைவரை எழுப்பக் காசு போதாமல் பாதியில் விட்டது அப்படியே நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கூடு, இந்தப் பக்கம் என் கட்டில். கூட்டில் பரப்ப ஆலையிலிருந்து உமி கொண்டுவருவதும், சனிக்கிழமைகளில் பழையதைக் கூட்டி அள்ளுவதும் நான்தான். இவை வெயில் தாங்காது என்று சொன்னார்கள். அதற்காக ஒரு மேசை விசிறியும் வைத்திருக்கிறேன்.

வாங்கி ஆறு மாதம்வரை எனக்கு ஒன்றுமில்லை. பிறகுதான் தொடங்கியது. கூட்டைக் கூட்டும்போது ஒரு நாள் எண்ணினேன்: விடாமல் பதினேழு தும்மல். உளுந்தைத் தூக்கினால் அதன் நகம் பட்ட இடமெல்லாம் கோடு கோடாக எழும்புகிறது. நுளம்புக்கடிபோல் உருண்டையாக இல்லை. ஈர்க்கால் அடித்ததுபோல் நீளமாகச் சிவந்து தடித்து, அரைமணி நேரத்தில் போன இடம் தெரியாமல் அடங்குகிறது. இரண்டு கிழமையாக விடியப்புறத்தில் நெஞ்சுக்குள் பூனை உறுமுவதுபோல் ஒரு சத்தமும் கேட்கிறது.

ஒரு வைத்தியரிடம் காட்டினேன். தடிமன் என்று சின்ன மஞ்சள் குளிசை தந்தார். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், பெல்ட் ஓடுகிற இடத்தில் நின்ற நிலையிலேயே கண் அயர்ந்துவிட்டேன். முதலாளி கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டு, வீட்டுக்குப் போ என்றார்.

மனைவி இது உமித்தூசு என்கிறார். மாமி எலிக்காய்ச்சல் என்கிறார். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலில் ஆட்கள் இறந்த பிறகு, எலியின் வால் தெரிந்தாலே மாமி ஊரைக் கூட்டுவார். இவற்றுக்கு வாலே இல்லை என்று சொல்லியும் கேட்கிறாரில்லை.

விலங்கா, உமியா? எப்படிப் பிரித்தறிவது? விலங்குதான் என்றால் வீட்டில் வைத்துக்கொண்டே சமாளிக்க முடியுமா? மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. "உமி மூக்கில் ஏறிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

மல்லாவிக் கமக்காரன்

அண்ணை, நெஞ்சில் சத்தம் வருகிறது என்கிறீர்கள், பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பிள்ளை நான்கு நாள் அழும், ஐந்தாம் நாள் மறந்துவிடும். எங்கள் வீட்டில் ஆட்டுக்குட்டி விற்ற கதையும் இதுதான்.

தொரன்ரோவில் இருந்து தம்பி

அண்ணா, இங்கே உடம்பில் மயிரே இல்லாத கினிப்பன்றி விற்கிறார்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். ஊரில் கிடைக்குமா என்று விசாரித்துப் பாருங்கள்.

பழைய கூட்டுக்காரி, வவுனியா

தம்பி, நான் கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம் விலங்குகளைப் பராமரித்தவள். வெள்ளெலி, சுண்டெலி, கினிப்பன்றி, முயல் எல்லாம் இந்தக் கைகளால் வளர்ந்தவை. இரண்டாம் வருட முடிவில் எனக்கும் இதேதான் வந்தது. என்னோடு சேர்ந்த ஆறு பேரில் இன்னொருத்திக்கும் வந்தது. அவளுக்குத் தொய்வாக, அதாவது ஆஸ்துமாவாக, முற்றி வேலையையே விட்டாள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மயிர்க் கதையை முடித்துவிடுவோம். மயிர் வெறும் வாகனம். ஒவ்வாமையைக் கிளப்புவது இந்த விலங்குகளின் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் உதிர்கிற தோற்செதிலிலும் உள்ள புரதங்கள். அவற்றில் பெரும்பாலானவை லிப்போகலின் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. விலங்கு தன்னை நக்கிக்கொள்கிறது, மூத்திரத்தில் புரள்கிறது. அது காய்ந்து பொடியாகித் தூசோடு மிதக்கிறது. மயிரில்லாத விலங்குக்கும் நாக்கு இருக்கிறது, மூத்திரமும் போகிறது. தொரன்ரோத் தம்பி காசைக் கரியாக்கச் சொல்கிறார்.

ஆறு மாதம் ஒன்றுமில்லாமல் இருந்து பிறகு வந்ததில் அதிசயம் இல்லை. உடம்பு அந்தப் புரதத்தை எதிரி என்று பழகிக்கொள்ள நாள் எடுக்கும். விலங்கு விடுதிகளில் வேலை செய்பவர்களில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் வந்துவிடும். உங்கள் வீட்டில் இரண்டு ஐந்தாகவும் பெருகிவிட்டது. ஐந்து விலங்கின் மூத்திரம் எவ்வளவு என்று கூட்டி அள்ளுகிற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

உமியா விலங்கா என்று கேட்டீர்கள். விலங்கு இல்லாத உமியில் நின்று பார்க்கும் சோதனையை நீங்கள் 2011இலிருந்து செய்துகொண்டிருக்கிறீர்கள், தும்மவில்லை. விலங்கின் நகம் பட்ட இடம் தடிக்கிறது; அங்கே உமி எங்கே வந்தது? எனக்கு இதற்குமேல் சந்தேகம் இல்லை. ஆனால் உறுதி செய்ய வேண்டியவர் வைத்தியர். வேண்டுமென்று விலங்கை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்காதீர்கள். நெஞ்சில் சத்தம் வந்த பிறகு அந்த விளையாட்டு கூடாது.

வைத்தியரிடம் தும்மலை மட்டும் சொன்னால் தடிமன் என்றுதான் நினைப்பார். வீட்டில் ஐந்து கினிப்பன்றி இருக்கிறது, விடியப்புறம் நெஞ்சு இழுக்கிறது, கீறல் தடிக்கிறது, இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அடங்கிவிடுகிற தழும்பைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஊதிப் பார்க்கிற சின்னக் குழாயில் ஊதச் சொல்வார்கள்; தேவையென்றால் இழுக்கிற மருந்து தருவார்கள். இழுக்கிற மருந்து பழக்கமாகிவிடும் என்று மாமி சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வாமைப் பரிசோதனை பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. தோலில் குத்திப் பார்ப்பதென்றால் ஒவ்வாமைக் குளிசையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரத்தப் பரிசோதனைக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

அந்த மஞ்சள் குளிசை பெரும்பாலும் குளோர்பெனிரமின் ஆக இருக்கும். பழைய மருந்து, தூக்கிப்போடும். செற்றிரிசின், லோரற்றடின் போன்றவை அவ்வளவு தூக்கம் தராதவை. பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை என்று வைத்தியரிடம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இனி ஒரு கேள்வி. மேசை விசிறி என்றீர்களே, அதன் முகம் எந்தப் பக்கம்?

குளத்தடி, முத்தையன்கட்டு

மாமிக்காக ஒரு வரி. எலிக்காய்ச்சல் கிருமியால் வருவது. எலியின் மூத்திரம் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் காலிலுள்ள புண்வழியாக ஏறும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு. தும்மல் அதன் வேலை இல்லை. வயலில் இறங்குகிறவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு டொக்சிசைக்கிளின் எடுப்பது அதற்காகத்தான்.

உமிக்காரன், விசுவமடு

அக்கா, விசிறியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். சுவரோடு ஒரு முக்காலியில் நிற்கிறது. முதலில் காற்று, பிறகு கூடு, பிறகு பாதிச்சுவர், பிறகு என் தலையணை. சுவரின் மேல்விளிம்பில் விரலால் இழுத்தேன். சாம்பல்போல் படிந்து கிடந்தது. அதைத் துடைக்கப் போய் இன்னும் ஒன்பது தும்மல்.

பழைய கூட்டுக்காரி, வவுனியா

பார்த்தீர்களா! இரவு முழுக்க உங்கள் மூக்குக்கு நீங்களே விசிறியிருக்கிறீர்கள்.

கூட்டை வீட்டுக்கு வெளியே எடுங்கள். தாழ்வாரத்தில், வடக்குப் பக்க நிழலில், இடுப்பளவு உயரத்தில். முப்பது பாகைக்கு மேலே போனால் இவை வாடிவிடும், சோளகக் காற்றுக் காலத்தில் செத்தும் போகும். ஒரு மண்சட்டியை நனைத்துக் கூட்டுக்குள் கவிழ்த்துவிட்டால் அதன்மேல் வயிறு பட ஒட்டிக்கொண்டு கிடக்கும். பாம்பும் கீரியும் புகாத சின்னக் கண்ணிக் கம்பிவலை அடியுங்கள், கோழிவலை போதாது.

துப்புரவை விட்டுவிடுங்கள். வேறு யார் செய்தாலும் காய்ந்த உமியைக் கூட்டக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ள வேண்டும், வாயும் மூக்கும் மூட வேண்டும், வேலை முடிந்ததும் உடுப்பை மாற்ற வேண்டும். மகள் செய்தால் அவளுக்கும் தும்மல் தொடங்குகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள். இது குடும்பத்தில் ஓடுகிற வியாதி.

ஆலை உமி வேண்டாம். உமிக்கும்பியில் எலி ஓடாத ஆலையை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு விடயத்தில் மாமி முழுப் பிழை இல்லை. பழைய சாரத்தை மடித்துப் போட்டு, மாற்றும்போது உதறாமல் வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

கடலையை உடனே பிரியுங்கள். ஆண் குட்டிகளையும் மூன்று கிழமையில் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்து பதினைந்தாகும்.

மல்லாவித் தம்பி சொன்னதும் ஒரு வழிதான். ஆனால் இன்று கொடுத்தால் நாளைக்குச் சுகம் வந்துவிடாது. மெத்தையிலும் சுவரிலும் படிந்தது மாதக்கணக்கில் கிடக்கும். எதைச் செய்தாலும் அந்தத் தலையணையை இன்றைக்கே வெளியே போடுங்கள். இவ்வளவும் செய்து, மருந்தும் எடுத்து, பிறகும் நெஞ்சு இழுத்தால் நானே வந்து கூட்டைத் தூக்கிக்கொண்டு போவேன்.

உமிக்காரன், விசுவமடு

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். இது தொய்வின் தொடக்கம் என்று வேறொரு வைத்தியர் சொல்லிவிட்டார். காலையும் மாலையும் இழுக்கிற மருந்து, இரவில் தூக்கம் தராத ஒரு குளிசை. இரத்தப் பரிசோதனைக்குக் கடிதமும் தந்திருக்கிறார். விடியப்புறப் பூனை பத்து நாளாக வரவில்லை. தும்மல் முழுதாகப் போகவில்லை. தாழ்வாரப் பக்கம் போனால் மூக்கு அறிந்துகொள்கிறது.

மகளிடம் சொல்லத் தொடங்கினேன். "உமி இல்லை என்று எனக்குத் தெரியும் அப்பா" என்றாள். உளுந்தைத் தூக்கிய பிறகு நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைப்பதைக் கண்டிருக்கிறாள். தான் சொன்னால் கூட்டைக் கொடுக்கவேண்டி வரும் என்று அவளும் வாயைத் திறக்கவில்லையாம். இப்போது துப்புரவு அவளும் மனைவியும். என் பழைய சாரம் இரண்டு போய்விட்டது, மூன்றாவதையும் கண் வைத்திருக்கிறார்கள்.

குட்டிகளில் இரண்டு மாங்குளத்தில் ஒரு ஆசிரியை வீட்டுக்குப் போய்விட்டன. அவர் வீட்டில் யாருக்கும் தொய்வு இல்லை என்று கேட்டுத்தான் கொடுத்தேன். மூன்றாவதைப் பார்க்க நேற்று ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் தூக்கி நிறை பார்த்தார், விலாவை அமத்திப் பார்த்தார், இன்னும் எத்தனை மாதத்தில் கறிக்கு ஆகும் என்று கேட்டார். மகள் குட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். ஆக மூன்று நிற்கிறது, அக்கா. கடலைக்குத் தனிக் கூடு அடித்தாயிற்று.