புதுப்பிப்பு: ஸ்காட்லாந்தின் வடகோடிக் கடற்கரைகள், போய் வந்தாச்சு

ஸ்காட்லாந்தின் வடகோடியில் கூட்டமில்லாத மணல் கடற்கரை எது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் சாண்ட்வுட் பே என்றீர்கள், மற்றவர்கள் டர்னஸ் ஊரோடு நின்றுகொள் என்றீர்கள். ஜூனில் போய் இரண்டையும் பார்த்துவிட்டோம்.

சாண்ட்வுட்டுக்கு வண்டி போகாது. பிளேர்மோர் என்ற சிற்றூரில் காரை விட்டுவிட்டு, சதுப்பும் சின்னச் சின்ன ஏரிகளுமான பொட்டல் வெளியில் சுமார் ஆறரை கிலோமீட்டர் நடை. திரும்பவும் அதே தூரம். மனைவி முணுமுணுத்ததெல்லாம் கடைசி இறக்கம் வரைதான். கீழே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் லேசான இளஞ்சிவப்பு மணல், பின்னால் மணல்மேடுகள், அதற்கும் பின்னால் ஒரு நன்னீர் ஏரி. ஆள் என்று பார்த்தால் எங்களைத் தவிர, கூடாரம் போட்டிருந்த இருவர் மட்டும். தெற்குப் பக்கம் கடலுக்குள் ஒற்றைப் பாறைத்தூண். அதற்கு ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் 'மேய்ப்பன்' என்று பெயராம். மேய்க்கத்தான் ஒன்றும் இல்லை!

டர்னஸ் பக்கத்து பால்னகீல் கடற்கரையில், வண்டியை விட்டு இறங்கினாலே மணல். ஒரு கை அள்ளிப் பார்த்தேன்: வெள்ளையாகத் தெரிந்ததில் நிறைய சிப்பித்தூள், நடுவே நகக்கண் அளவு மஞ்சள் நத்தை ஓடு.

அப்புறம், ஜூனில் ஜாக்கெட் வேண்டாம் என்று நான் முன்பு எழுதியது தப்பு. குளிர்காற்று காதை அறுக்கிறது. காற்று நின்றாலோ மிட்ஜ் என்ற கடிக்கும் பொடிப் பூச்சி மொய்த்துவிடும். குளிக்க முடியுமா என்று கேட்டவருக்கு: முழங்கால் வரை இறங்கினேன், போதும் என்று ஏறிவிட்டேன்.