லேசரில் வெட்டும் தோல் ஓரம் கருகுகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கல்லடியில் வீட்டிலேயே தோல் பேர்ஸ் செய்கிறேன். கையில் இருப்பது 40 வாட் லேசர் கட்டர். தாவரப் பட்டையில் பதனிட்ட 2 மில்லிமீற்றர் தோலை ஒரே ஓட்டத்தில் வெட்டினால் ஓரம் கரியாகி, மயிர் எரிந்த மணம் வீதி வரை போகிறது, பக்கத்து வீட்டு மாமி வந்து என்ன பிள்ளை சமைக்கிறாய் என்று கேட்டுவிட்டா. மாஸ்கிங் டேப் ஒட்டினால் மேலே புகைக்கறை குறைகிறது, ஓரம் அப்படியேதான். பவரைக் குறைத்து இரண்டு மூன்று தரம் ஓட்டுவதா, வெட்டும் இடத்தில் காற்று ஊதும் பம்பைப் பெரிதாக்குவதா?

ரெக்சின் போடச் சொல்லாதீர்கள், அதிலுள்ள பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் வரும் அமில வாயு நெஞ்சுக்கும் ஆகாது, மெஷினுக்கும் ஆகாது. குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலும் வேண்டாம். வெட்டுமுகம் நீலச்சாம்பலாக இருந்தால் தள்ளிவிடுகிறேன், ஆனால் சாயம் உள்ளே வரை ஊறியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம், மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் தாவரப் பதனிட்ட தோல் சில்லறையாக எங்கே கிடைக்கும்?