புதுப்பிப்பு: 11111111111 இன் காரணிகள் கிடைத்துவிட்டன

யாழ்ப்பாணத்தில் என்னிடம் இணைந்த கணிதம் படிக்கும் மாணவி ஒருவரின் ஐயத்தை, அதாவது பதினொரு ஒன்றுகளாலான 11111111111 முதன்மை எண்ணா என்பதை, இங்கே கேட்டிருந்தேன். மறுமொழி தந்த அனைவருக்கும் நன்றி.

அது முதன்மை எண் அன்று. 21649 × 513239 ஆகும். கைகொடுத்தது பேர்மாவின் சிறு தேற்றத்தைப் (10 ஐ வகுக்காத முதன்மை எண் p எதுவும் 10^(p−1) − 1 ஐ வகுக்கும் என்பதைப்) பயன்படுத்தச் சொன்ன யோசனையே. இவ்வெண்ணை வகுக்கும் எந்த முதன்மை எண்ணும் இதன் ஒன்பது மடங்கான 10^11 − 1 ஐயும் வகுக்கும். இதையும் தேற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால், 11 முதன்மை எண் ஆதலால், ஒன்று அது 10 − 1 ஐ வகுக்கும் 3 ஆக இருக்க வேண்டும், அல்லது அதிலிருந்து 1 ஐக் கழித்தால் 11 இன் மடங்கு வர வேண்டும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 11 ஆகையால் 3 விலகிவிட, அந்த முதன்மை எண்ணிலிருந்து 1 ஐக் கழித்தால் வருவது, அது இரட்டை எண்ணும் ஆகையால், 22 இன் மடங்காகவே இருக்க வேண்டும். ஆகவே 23, 45, 67 என்று 22 ஐக் கூட்டிக்கொண்டே சென்று எக்செல் தாளில் மீதியைப் பார்த்தோம். 984ஆவது எண்ணான 21649 இல் மீதி பூச்சியமாயிற்று. அதற்கு முன் வகுத்தி எதுவும் அகப்படாததாலும், 513239 ஆனது 21649 இன் வர்க்கத்தை விடச் சிறியதாகையாலும், இரண்டுமே முதன்மை எண்கள் என்பது தனிச் சோதனையின்றியே உறுதியாகிறது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. 1/21649 ஐத் தசமமாக எழுதினால் 00004619151 என்ற பதினொரு இலக்கங்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. 4619151 என்பது மற்றக் காரணியான 513239 இன் ஒன்பது மடங்கு. அவ்வாறே 1/513239 இல் மீள்வது 00000194841, அதாவது 9 × 21649.