படித்து முடித்தும் விடாத ஒரு வாழ்க்கைக் கதை: உங்கள் அனுபவம் என்ன?

திண்ணைவாசி

பட்டியல் கேட்கவில்லை. தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு எதையெல்லாம் படிக்கலாம் என்ற பட்டியல் எங்கும் கிடைக்கிறது. படித்ததில் ஒன்று உங்களைப் பிடித்து ஆட்டியிருக்கும் இல்லையா, அதைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன், இதை எங்காவது இறக்கி வைத்தால்தான் எனக்கு ஆறும்.

அப்பாவுக்குக் கண் அழுத்த நோயில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. ராத்திரி சாப்பிட்டதும் அவருக்கு, ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ ஓர் அத்தியாயம் வாசிப்பேன். அப்பா ரேஷன் கடையில் எடை போட்டவர். ஏட்டுச்சுவடிக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. பத்து நாளில் சலித்துவிடும் என்று நினைத்தேன். 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சா. பார்க்கப் போவாரே, தான் படித்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லியும் முதலியார் அசைந்து கொடுக்காமல் இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்பாரே, அந்த இடத்தில் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். “நல்லா கேட்டான்யா அந்த முதலியார்!” அன்றிலிருந்து ஏழரை மணிக்கே சாப்பாடு கேட்க ஆரம்பித்தார். உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறந்துபோகும் அத்தியாயத்தன்று லைட்டை அணைக்க வேண்டாம் என்றார். பார்வை இல்லாதவர்.

122-ஆம் அத்தியாயத்தோடு புத்தகம் நின்றுவிடுகிறது. விகடனில் 1940 ஜனவரியில் தொடங்கி வந்துகொண்டிருந்த தொடர். 1942 ஏப்ரலில் உ.வே.சா. காலமாகிவிட்டார், கதை முடியவில்லை. முன்னுரையைத் தாண்டிக்கொண்டு போனதால் எனக்கு அது தெரியாது. கடைசி வரியை வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன், ஒன்றுமில்லை. ஃபேன் சத்தம் மட்டும். அப்பா “ம், அப்புறம்?” என்றார்.

“நாளைக்கு” என்றேன்.

மறுநாள் நானே சொன்னேன். 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார் என்பது மட்டும் தெரியும். மீதி எல்லாம் என் சரக்கு. ரயிலில் ஏட்டுக் கட்டுகளோடு வருகிறார், வழியெல்லாம் மழை, கட்டு நனைந்துவிடுகிறது, திருவல்லிக்கேணி வீட்டுக் கூடத்தில் ஒவ்வொரு ஏடாகப் பிரித்துக் காய வைக்கிறார் என்று, புத்தகம் கையில் இருப்பது போலவே, ஏற்ற இறக்கத்தோடு. “ஒண்ணாவது கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். “இல்லப்பா, எல்லாம் காஞ்சிருச்சு.” மூன்று ராத்திரி இப்படி ஓட்டிவிட்டு, முடிந்துவிட்டது என்றேன். “நல்ல மனுஷன்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஆறு மாதம் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை.

மல்லிமொட்டு

எனக்கு பாமாவின் ‘கருக்கு’. கல்லூரியில் பாடமாக வைத்திருந்தார்கள், ஒருத்தரை எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள். அன்றைக்கு நான். வடைப் பொட்டலம் வரும் பக்கம், படித்தவர்களுக்குத் தெரியும். பெரியவர் ஒருவர் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கட்டிய சரடைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார், பார்க்கும் சிறுமிக்குச் சிரிப்பாக வருகிறது. வாசித்துக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. அப்படியே அடுத்த பத்திக்குப் போனேன். பெரியவர் தொட்டால் தீட்டு என்று மேல்சாதிக்காரர்கள் நினைப்பதால்தான் அப்படித் தூக்கினார் என்று அண்ணன் விளக்குகிற பத்தி.

குரல் எழும்பவில்லை. மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி மட்டும் ஆரம்பத்திலிருந்தே சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. மூன்று வருஷம் ஒன்றாகப் படித்தோம், அதைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை. 1992-ல் வந்த புத்தகம், நான் படித்தது 2009-ல். அவளுக்கு அது 2009-லும் பழைய கதை இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

பென்சில்கோடு

முடியாத புத்தகம் என்றதும், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு ஞாபகம். விடுதியில் மேல் கட்டிலில் படுத்துப் படித்தேன். வலது கை விரலுக்கு இடையில் இன்னும் நல்ல கனம் இருந்தது, நாற்பது பக்கமாவது தேறும். சரி, பிடிபடுவது, முகாம் எல்லாம் இனிமேல் வரும் என்று நினைத்துத் திருப்பினால் 1944 ஆகஸ்ட் 1-ஆம் தேதிக் குறிப்போடு அவள் எழுத்து முடிந்துவிட்டது. ஆகஸ்ட் 4-ல் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கையில் கனமாக இருந்ததெல்லாம் மற்றவர்கள் எழுதிய பின்னிணைப்பு.

இப்போதும் எந்தத் தன்வரலாறு எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கம் யார் எழுதியது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

ஊஞ்சல்பலகை

‘சத்திய சோதனை’ எங்கள் வீட்டில் மூன்று பிரதி உண்டு. பேச்சுப்போட்டியில் எனக்கு ஒன்று, கட்டுரைப்போட்டியில் தம்பிக்கு ஒன்று, மூன்றாவது எப்படி வந்தது என்றே தெரியாது. நவஜீவன் பதிப்பகம் மலிவு விலைக்குப் போடுவதால் பரிசு என்றாலே அதுதான். யாரும் திறந்ததில்லை. கல்யாணம் நிச்சயமான பிறகு ஒரு மத்தியானம் போரடித்து எடுத்தேன்.

டர்பன் வீட்டு அத்தியாயம். வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாவின் மூத்திரச் சட்டியைக் கஸ்தூரிபா அழுதுகொண்டே எடுத்துப் போகிறார். அழக்கூடாது, சந்தோஷமாகச் செய்ய வேண்டும் என்று காந்தி சத்தம் போடுகிறார். அந்தம்மா பதில் சொல்லவும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போய்விடுகிறார், வெளியே தள்ள. எங்கே போவேன், இங்கே எனக்கு அப்பா அம்மா இருக்கிறார்களா என்று அவர் கேட்டதும்தான் வெட்கம் வந்து கேட்டைச் சாத்துகிறார். தன்னை இப்படித் தோலுரித்து எழுத ஒரு தைரியம் வேண்டும், அதில் சந்தேகமில்லை.

அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்தை மட்டும் சத்தமாகப் படித்தேன். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “இது அவர் எழுதினது. அந்தம்மா ஏதாச்சும் எழுதி வச்சிருக்காங்களா?”

இல்லை என்றேன். “தெருக்கதவு வரைக்கும் வந்தப்புறம்தான் எல்லாருக்கும் வெக்கம் வருது” என்று சொல்லிவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். அம்மா எந்தக் கதவைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்க முடியாது.

வாத்தியார்வீட்டுப்பிள்ளை

என் அனுபவம் சின்னது. மகள் பள்ளியில் வினாடி வினா, பெற்றோர் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம். பாரதியார் எப்படி இறந்தார் என்று கேள்வி. ஒரு பையன் “வயிற்றுக்கடுப்பு” என்றான், தவறு என்று மணி அடித்தார்கள். அடுத்த அணி “யானை மிதித்து” என்றது, பத்து மதிப்பெண். எழுந்து நின்று, பையன் சொன்னதுதான் சரி என்றேன். “விடைத்தாள்ல இப்படித்தான் சார் இருக்கு” என்றார்கள். அந்தப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! திருவல்லிக்கேணி கோயில் யானை தள்ளிவிட்டது உண்மை, அவருடைய நண்பர் குவளைக்கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கினார். பாரதி தேறி எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசியிருக்கிறார். 1921 செப்டம்பரில் கொண்டு போனது வயிற்றுக்கடுப்பு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு வாழ்க்கையை ஒரே புத்தகத்தில் படிப்பது ஆபத்து. நான் எல்லாருக்கும் சொல்வது, ஒருவரைப் பற்றி இரண்டு பேர் எழுதியதையாவது எடுங்கள். பாரதியையே எடுத்துக்கொண்டால் நண்பர் வ.ரா. எழுதியது ஒரு பாரதி. மனைவி செல்லம்மா எழுதியது இன்னொருவர், அரிசி வாங்கிக் கொடுத்த வீட்டுக்காரியின் கணக்கு அதில் இருக்கும். புதுச்சேரியில் சிறுமியாக அவரைப் பார்த்த யதுகிரி அம்மாள் சொல்வது மூன்றாவது ஆள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அடுத்தது, யாருக்காக எழுதினார் என்று பாருங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு அச்சுக்காக எழுதியது இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், கப்பல் வந்தது, யார் யாரைத் திட்டினார், சரக்கு விலை என்ன என்று எல்லாம் வரும். ஐம்பது பக்கம் கஷ்டமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணதாசன் ‘வனவாச’த்தில் தன்னையே ‘அவன்’ என்று எழுதினார். ஏன் ‘நான்’ போடவில்லை என்று யோசித்துக்கொண்டே படித்தால் வேறு புத்தகமாகத் தெரியும். வ.உ.சி. தன் கதையைச் செய்யுளில் எழுதினார். செக்கிழுத்த கதையை ஆசிரியப்பாவில் படிக்கும்போது அகராதி பக்கத்தில் இருக்கட்டும். மகாவித்துவான் இறக்கும் காட்சியை உ.வே.சா. ‘என் சரித்திர’த்துக்கு முன்பே, 1933-34-ல் வந்த ஆசிரியர் சரித்திரத்திலும் எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒப்பிடுங்கள். பென்சிலால் கோடு போடுங்கள், பேனாவால் போடாதீர்கள். நூலகப் புத்தகத்தில் எதனாலும் போடாதீர்கள்.

ஊஞ்சல்பலகை அம்மா, அந்த அத்தியாயத்தைத் தனியாகப் பிய்த்துப் படித்தால் தப்பான எண்ணம்தான் வரும், முழுசாகப் படித்திருக்க வேண்டும். திண்ணைவாசி, மன்னிக்கவும், நீங்கள் செய்தது பெரிய தவறு. உ.வே.சா. விட்ட இடத்துக்குப் பிறகு நடந்ததை அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் ‘என் ஆசிரியப்பிரான்’ என்று எழுதியிருக்கிறார். அது இருக்கும்போது கற்பனை எதற்கு? அதுவும் நனைந்த ஏடு! ஏட்டைக் காப்பாற்றவே பிறந்த மனிதரை மழையில் விட்டுவிட்டீர்களே.

ஊஞ்சல்பலகை

முழுசாகப் படித்துவிட்டுத்தான் எழுதினேன் சார், இரண்டு தடவை. அம்மா என்று வேண்டாம், எனக்கு முப்பத்து நாலு வயசு.

பாம்பன்காற்று

இங்கே சண்டை சூடாக இருக்கிறது, நடுவில் என்னுடையது. ‘அக்னிச் சிறகுகள்’. நாங்கள் ராமேஸ்வரத்துக்காரர்கள், கலாம் வீட்டைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். யுத்த காலத்தில் ரயில் நிற்காமல் போகும்போது பத்திரிகைக் கட்டுகளை வெளியே எறிவார்கள், சிறுவன் கலாம் பொறுக்கிச் சேர்ப்பார் என்ற கதையை டூரிஸ்ட் வேன் டிரைவர்கள் நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார்கள். அதனால் எனக்கு அந்தப் புத்தகம் கொஞ்சம் சலித்த விஷயம்தான்.

தங்கை மகன் ஏழாம் வகுப்பு. அவனுக்கு நம்பிக்கை ஊட்டலாம் என்று டேராடூன் தேர்வைப் படித்துக் காட்டினேன். விமானப்படைக்கு 25 பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள், இவர் ஒன்பதாவது, மனசு ஒடிந்து ரிஷிகேஷ் போனார். பின்னால் அவர் தலைமையில் செய்த ராக்கெட் 1979-ல் கடலில் விழுந்து 1980-ல் ஜெயித்தது வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

“மாமா, அந்த எட்டாவது ஆள் யாரு?”

“எந்த எட்டாவது ஆள்?”

“இவருக்கு முன்னாடி கடைசியா செலக்ட் ஆனவரு. அவர் என்ன ஆனாரு? அவர் புக்கு எழுதலையா?”

அவன் அந்த வருஷம் கபடி அணியில் கடைசி ஆளாக எடுக்கப்பட்டவன் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

மல்லிமொட்டு

பாம்பன் அண்ணா, எட்டாவது ஆள் புத்தகம் எழுதினால் முதல் பிரதி எனக்கு. வாத்தியார்வீட்டு சார், மூன்று பத்தி அறிவுரைக்கு நன்றி, ஆனால் திண்ணைவாசி அண்ணன் செய்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. “அப்புறம்?” என்று கேட்டவருக்கு அடுத்த நாளே ஏதாவது கொடுக்க வேண்டாமா?

வாத்தியார்வீட்டுப்பிள்ளை

கொடுக்கலாம் அம்மா. இது என் கற்பனை என்று சொல்லிக் கொடுக்கலாம். வயசானவர்களிடம் எதைச் சொன்னாலும் ஓடும் என்று நினைக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. என் அப்பாவிடமும் நாங்கள் கடைசி வருஷத்தில் எல்லாவற்றையும் மறைத்தோம். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

திண்ணைவாசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வாத்தியார்வீட்டு சார் திட்டியதில் உறைத்து, தெரிந்த நூலகரிடம் சொல்லிவைத்து, கி.வா.ஜ. புத்தகத்தின் பழைய பிரதி ஒன்றை வாங்கி வந்தேன். அட்டை கிழிந்து நூல் தெரிகிறது. “உ.வே.சா.வோட சிஷ்யர் எழுதினதுப்பா, முன்ன விட்டுப்போனதெல்லாம் இதுல இருக்கு” என்றேன். பொய் சொன்னதை மட்டும் இந்தத் தடவையும் சொல்லவில்லை. ஏழரைக்குச் சாப்பாடு, எட்டுக்குப் புத்தகம், பழையபடி.

நேற்று சென்னைக்குக் குடிவந்து, கல்லூரி வேலையெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் முடித்துத் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

“ஏம்ப்பா, அந்த மழை இவருக்குத் தெரியாது போல?”

எந்த மழை என்றேன், தெரியாதது மாதிரி.

“ஏடு நனைஞ்சு கூடத்துல காய வச்சாங்களே. சிஷ்யப்பிள்ளை அப்பப் பொறந்திருக்க மாட்டான், அதான் எழுதல. இதைப் படிச்சு முடிச்சதும் அதை இன்னொரு தடவை வாசி.”